"புரிஞ்சுது டீச்சர்" என்று சொல்லும் பையன்: கருவில் மது பாதித்த ஒரு மாணவனோடு இரண்டு பள்ளி ஆண்டுகள்

நான் சிங்கப்பூரில் ஒரு தொடக்கப்பள்ளியில் சிறப்புக் கல்வித் தேவை அதிகாரியாக வேலை பார்க்கிறேன். இங்கே எழுதப்போவது ஒரு மாணவனைப் பற்றி. அவனுடைய பாட்டியும் அம்மாவும் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டேன், பெயர் எதுவும் வராது. ஆட்டிசம், டிஸ்லெக்சியா, ஏடிஎச்டி (கவனக்குறைவும் அளவுக்கு மீறிய துறுதுறுப்பும்) என்றால் இன்று நம் பெற்றோர் பலருக்கு ஓரளவு தெரிகிறது, தமிழிலும் படிக்க ஏதாவது கிடைக்கிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போதே மதுவால் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகள் என்று வந்தால் மட்டும் "கர்ப்பிணிகள் குடிக்கக் கூடாது" என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. அந்தப் பிள்ளை பிறந்து, வளர்ந்து, சீருடை போட்டுக்கொண்டு வகுப்பில் வந்து உட்கார்ந்த பிறகு நாம் என்ன செய்வது? அதைத்தான் முடிந்தவரை விவரமாகச் சொல்லப் பார்க்கிறேன்.

பள்ளிக்குத் தெரிந்த பையன்

ஈசூன் வட்டாரத்தில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) மூவறை வீடு, அம்மாவைப் பெற்ற பாட்டியோடு வளர்கிறான். நன்றாகப் பேசுவான். பெரிய மனிதர்கள் விசாரிக்கிற மாதிரி, "டீச்சர், நேத்து மழையில நனைஞ்சீங்களா, குரல் ஒரு மாதிரி இருக்கே" என்பான். தொடக்கநிலை 1, 2இல் பெரிய புகார் எதுவும் இல்லை, கொஞ்சம் துறுதுறு, கொஞ்சம் மறதி, அவ்வளவுதான். 2019இலிருந்து அந்த இரண்டு வகுப்புகளிலும் மதிப்பெண் போடும் தேர்வே கிடையாது என்பதால் அவனுடைய சிரமம் தாளில் தெரியவும் வழியில்லை. தொடக்கநிலை 3 வந்தது, அறிவியல் என்ற புதிய பாடம் வந்தது, முதல் தேர்வுகள் வந்தன, கதை மாதிரி நீளமாக வரும் கணக்குகள் வந்தன, கூடவே "முதலில் இதைச் செய், முடித்ததும் அதை எடு, அப்புறம் பக்கத்தில் இருப்பவரோடு சரிபார்" என்று மூன்று நான்கு படிகளைச் சேர்த்துச் சொல்லும் பழக்கமும் வந்தது. முதல் தவணை முடிவதற்குள் அவனைப் பற்றிய குறிப்புகள் ஒரு கோப்பு அளவுக்குச் சேர்ந்துவிட்டன.

சொன்னதைக் கேட்பதில்லை, அடுத்தவர் பொருளை எடுக்கிறான், பொய் சொல்கிறான், திங்கட்கிழமை நான்காம் வாய்ப்பாட்டைத் தடங்கலில்லாமல் சொன்னவன் புதன்கிழமை ஒன்றுமே தெரியாத மாதிரி நிற்கிறான். எல்லாவற்றுக்கும் கீழே, "இவனால் முடியும், முயற்சிதான் இல்லை." இந்த வரியை இதுபோன்ற பிள்ளைகளின் கோப்புகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கேட்டது புரிந்ததா என்றால் உடனே "புரிஞ்சுது டீச்சர்" என்பான், முகத்தைப் பார்த்துச் சொல்வான், அடுத்த நிமிடம் தப்பான புத்தகத்தைத் திறந்துவைத்திருப்பான். இதைப் பார்க்கும் ஆசிரியருக்குத் தன்னைக் கிண்டல் செய்கிறான் என்று தோன்றுவதில் ஆச்சரியமில்லை.

ஒரு நாள் இடைவேளையில் ஒரு மாணவியின் தண்ணீர்ப் போத்தல் பள்ளித் தோட்டத்துக் குளத்தில் மிதந்தது. கட்டொழுங்கு ஆசிரியர் கேட்டார்: நீதான் போட்டியா? ஆமா. கோபத்திலா? ஆமா. தனியாகவா? ஆமா. விசாரணை முடிந்தது என்று எல்லாரும் நினைத்தோம். மறுநாள் இரண்டு பையன்கள் தாங்களாகவே வந்து, விளையாட்டில் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லி நாங்கள்தான் அவனைப் போடச் சொன்னோம் என்று ஒப்புக்கொண்டார்கள். இதை ஏன் நேற்றே சொல்லவில்லை என்று அவனைக் கேட்டால் புதிதாக ஒரு கதை சொன்னான், அதில் பள்ளிக்குள் ஒரு நாய் வந்தது. "கூசாமல் பொய் சொல்கிறான்" என்று இன்னொரு குறிப்பு சேர்ந்தது.

அந்த வாரம் பாட்டி வந்தார். "டீச்சர், மூணு பிள்ளை பெத்து வளர்த்தவ நான், பொய் சொல்ற பிள்ளைய எனக்குத் தெரியும். பொய் சொல்றவன் தப்பிக்கிறதுக்குச் சொல்வான். இவன் மாட்டிக்கிற மாதிரியே சொல்றான். அவனுக்கே என்ன நடந்துச்சுன்னு தெரியல." அந்தக் கோப்பில் இருந்த அத்தனை தாள்களையும்விட இந்த நாலு வரி எங்களுக்குப் பயன்பட்டது.

கேள்வி கேட்ட விதம்

ஏழு வயதிலேயே அவனுக்கு ஏடிஎச்டி என்று சொல்லியிருந்தார்கள். மருந்தும் கொடுத்தார்கள், துறுதுறுப்பு கொஞ்சம் அடங்கியது, மற்றதெல்லாம் அப்படியே இருந்தது. கல்வி உளவியலாளர் மறுபடி சோதித்தபோது ஒரு பெரிய இடைவெளி தெரிந்தது. பேச்சும் சொல்வளமும் வயதுக்கு ஏற்ற மாதிரி இருந்தன. ஒரு விஷயத்தைக் கொஞ்ச நேரம் மனதில் பிடித்துவைத்துக்கொண்டு வேலை செய்யும் திறன், அதாவது செயல்நினைவு, மிகவும் கீழே இருந்தது. கேட்டதை உள்வாங்கும் வேகமும் அப்படித்தான். பாட்டியிடம் கேட்டு நிரப்பிய வைன்லண்ட் அளவுகோலின்படி, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் அன்றாடத் திறன்களில் அவன் ஐந்து வயதுப் பிள்ளையின் நிலையில் இருந்தான். பேச்சு சிகிச்சையாளரும் சொன்னது அதுதான்: பேசுவது நன்றாக இருக்கிறது, புரிந்துகொள்வது அதைவிட வெகு தூரம் பின்தங்கியிருக்கிறது.

இங்கே பிள்ளைகளின் வளர்ச்சி மதிப்பீட்டுக்குப் பெரும்பாலும் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்கோ தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனைக்கோ அனுப்புவார்கள். எந்த மருத்துவமனை என்று சொல்லப்போவதில்லை, ஆனால் இந்த முறை பார்த்த மருத்துவர் அம்மாவையும் வரச் சொன்னார், அதுதான் எல்லாவற்றையும் மாற்றியது. முன்பு நிரப்பிய படிவத்தில் "கர்ப்ப காலத்தில் மது அருந்தினாரா" என்ற கேள்விக்குப் பாட்டி "இல்லை" என்று குறித்திருந்தார். அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் ஒரு படிவத்தில் மகளைப் பற்றி அப்படி எழுதியிருப்பாரா என்பது சந்தேகம்தான். மருத்துவர் வேறு மாதிரி கேட்டாராம்: வயிற்றில் பிள்ளை இருப்பது எப்போது தெரிந்தது, அதற்கு முந்தைய மாதங்களில் வாரத்தில் எத்தனை நாள் குடிப்பீர்கள், ஒரு தடவை உட்கார்ந்தால் எவ்வளவு. அம்மா பதில் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு 21 வயது, கர்ப்பம் தெரிந்தது ஐந்தாம் மாதத்தில், அதுவரை வார இறுதிகளில் நிறைய, தெரிந்த பிறகு குறைத்தார், முழுதாக நிறுத்த முடியவில்லை.

நம் ஆட்களிடையே ஆண்கள் குடிப்பதைப் பற்றிப் பேசுவதற்குக் குறைவில்லை. ஒரு பெண் குடித்தாளா என்று யாரும் கேட்பதில்லை, அவளும் சொல்வதில்லை, கேட்டாலே அவமானப்படுத்துவது மாதிரி ஆகிவிடுகிறது. இந்த மௌனத்தால் இந்தப் பையனுக்கு இரண்டு ஆண்டுகள் போயின. கர்ப்ப காலத்தில் குடித்த பெண்களில் ஏறத்தாழ 13 பேரில் ஒருவரின் பிள்ளைக்கு இந்தப் பாதிப்பு வருகிறது என்று 2017இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. உலக அளவில் 1,000 பிள்ளைகளில் சுமார் எட்டுப் பேர் என்றும் அதே ஆய்வு கணக்கிட்டது. தாய் எவ்வளவு குடித்தார், எந்த மாதங்களில், என்ன சாப்பிட்டார், மரபணு என்று பலதும் சேர்ந்துதான் அதைத் தீர்மானிக்கின்றன. எவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் இல்லை என்பதும் உண்மை, அந்த அம்மா வேண்டுமென்று பிள்ளையைக் கெடுக்கவில்லை என்பதும் உண்மை. அவர் இப்போது குடிப்பதில்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் அவரைக் கூப்பிட வேண்டும் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம், அது நல்ல முடிவு.

மூளையில் என்ன ஆகிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். தாய் குடிக்கும் மது நச்சுக்கொடியைத் தாண்டிக் கருவுக்குப் போகிறது, அதை உடைத்து வெளியேற்ற அந்தக் கருவின் கல்லீரலுக்குத் திறன் போதாது. 1968இல் பிரான்ஸில் லெமுவான் என்ற மருத்துவர் இப்படிப் பிறந்த பிள்ளைகளைப் பற்றி எழுதினார், 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸும் ஸ்மித்தும் அதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் நடுவில் பள்ளம் இல்லாமல் வழவழப்பு, சின்னக் கண்கள் என்று முகத்தில் தெரியும் அடையாளங்களைத்தான் நிறையப் பேர் தேடுகிறார்கள். முகம் உருவாகும் ஆரம்ப வாரங்களில், அதுவும் குறுகிய சில நாட்களில், மது போயிருந்தால்தான் அவை வரும். மூளையோ ஒன்பது மாதமும் வளர்ந்துகொண்டே இருக்கிறது. அதனால் இந்தப் பாதிப்புள்ள பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் பார்ப்பதற்கு எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான் இருப்பார்கள். இவனும் அப்படித்தான். முக அடையாளம் இல்லாவிட்டால் தாய் குடித்தது உறுதியாகத் தெரிய வேண்டும், அதோடு மூளை செய்யும் பத்து வகை வேலைகளில் குறைந்தது மூன்றில் கடுமையான குறை இருக்க வேண்டும் என்று கனடாவின் வழிகாட்டி சொல்கிறது. இவனுக்கு நினைவாற்றல், திட்டமிடுதல், கவனம், அன்றாடத் திறன் என்று நான்கில் இருந்தது. எஃப்ஏஎஸ்டி, அதாவது கருவில் மது பட்டதால் வரும் பாதிப்புகளின் தொகுதி, என்று ஒன்பது வயதில் எழுதிக் கொடுத்தார்கள்.

1996இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆன் ஸ்ட்ரைஸ்குத்தின் குழு, இந்தப் பாதிப்புள்ள 415 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டது. 12 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினருக்குப் பள்ளிப் படிப்பு இடையில் குலைந்திருந்தது, அதே அளவு பேர் சட்டத்தோடு சிக்கலில் மாட்டியிருந்தார்கள். நிலையான, அன்பான வீடும் ஆறு வயதுக்குள் கண்டுபிடிக்கப்படுவதும் இருந்தவர்களின் நிலை நன்றாக இருந்தது. இவனுக்கு ஆறு வயது தாண்டிவிட்டது. வீடு இருக்கிறது, பாட்டி இருக்கிறார்.

முதலில் மாற்றியது எங்கள் பேச்சை

"புரிஞ்சுதா?" என்ற கேள்வியை நிறுத்தினோம். அதற்குப் பதில் "காட்டு" என்றோம். எந்தப் பக்கம் என்று காட்டு, முதலில் எதை எடுக்கப் போகிறாய் என்று எடுத்துக் காட்டு. ஒரு நேரத்தில் ஒரு கட்டளை, சொல்லிவிட்டு மனதுக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருப்பது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். நாற்பது பிள்ளைகள் அளவுக்கு இருக்கும் வகுப்பில் ஓர் ஆசிரியர் பத்து எண்ணிக் காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாம் தடவை வேறு வார்த்தைகளில் விளக்கும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு, நல்ல ஆசிரியர்கள் செய்வது அது, ஆனால் இவனுக்கு அது முற்றிலும் புதிய கட்டளையாகப் போய் விழும், முதல் கட்டளையை அவன் இன்னும் பாதிதான் முடித்திருப்பான்.

இங்கே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆங்கில ஆசிரியர் "பேக் அப்" என்பார், தமிழாசிரியர் "பையை அடுக்கு" என்பார், மாணவர் பராமரிப்பு நிலையத்தில் "கீப் யுவர் திங்ஸ்" என்பார்கள், வீட்டில் பாட்டி "எல்லாத்தையும் எடுத்து உள்ள வை" என்பார். நான்கும் ஒரே வேலை என்று மற்றப் பிள்ளைகள் தாமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவனுக்கு நான்கும் நான்கு வேலை. அதனால் ஒன்பது பட அட்டைகள் செய்தோம்: பை அடுக்குதல், வரிசையில் நிற்றல், கவனித்தல், உதவி கேட்டல் என்று. ஒவ்வொன்றிலும் ஒரே படம், கீழே தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே வாக்கியம். அந்த வாக்கியத்தை மட்டும்தான் எல்லாரும் சொல்வது. பாட்டியின் குளிர்பதனப் பெட்டியிலும் அதே அட்டைகள்தான் ஒட்டியிருக்கின்றன.

நேரம் அவனுக்குப் பிடிபடவே பிடிபடாது. "இன்னும் ஐந்து நிமிடம்" என்பது அவனுக்கு வெறும் சத்தம். சிவப்பு வட்டம் குறைந்துகொண்டே வரும் கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்தோம், பக்கத்தில் அன்றைய பாடங்களின் படங்கள் வரிசையாக, முடிந்ததை அவனே உரித்து எடுத்துவிடுவான். இடைவேளைக்கு மற்றவர்களைவிடக் கொஞ்சம் முன்னதாக ஒரு நண்பனோடு போய், கேண்டீன் நிரம்புவதற்குள் சாப்பாட்டை வாங்கிக்கொண்டு ஓரத்து மேசையில் உட்காருவான். அந்த இரைச்சல்தான் இடைவேளைக்குப் பிறகு நடந்த சண்டைகள் பலவற்றுக்குக் காரணம் என்று ஒரு மாதக் குறிப்புகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. திரும்பி வந்ததும் புத்தகங்கள் நிறைந்த தள்ளுவண்டியை நூலகம்வரை தள்ளிக்கொண்டு போவது அவன் வேலை. கனமான எதையாவது தள்ளிவிட்டு வந்தால் உடம்பு அடங்குகிறது, அடுத்த பாடத்தில் உட்கார முடிகிறது.

காசு விஷயம். மற்றப் பிள்ளைகள் மாதிரி அவனும் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைத் தட்டித்தான் கேண்டீனில் பணம் கட்டிக்கொண்டிருந்தான். பணம் போவது கண்ணுக்குத் தெரியாததால் கேட்டவனுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்துவிட்டு, வியாழக்கிழமை பட்டினி கிடந்திருக்கிறான். இப்போது உள்ளே இருப்பது வெளியில் தெரியும் ஒரு சின்னப் பையில் பாட்டி தினமும் இரண்டு வெள்ளியை (டாலரை) காசாகப் போட்டுக் கொடுக்கிறார். கணக்குப் பாடத்திலும் இதே கதைதான். சிங்கப்பூரில் கணக்கை முதலில் கையால் தொடும் பொருள், அப்புறம் படம், அப்புறம் எண் என்ற வரிசையில் சொல்லிக்கொடுக்கிறோம், தொடக்கநிலை 3இல் எல்லாரும் பட்டைப் படம் வரையும் கட்டத்துக்கு வந்துவிடுவார்கள். இவனுக்கு அந்தப் பட்டையே புரியாத புதிர், ஏனென்றால் ஒரு செவ்வகம் 24 மாம்பழத்துக்குப் பதிலாக நிற்கிறது என்பதை அவன் நம்பத் தயாராக இல்லை. கட்டைகளை மறுபடி மேசைக்குக் கொண்டுவந்தோம், கட்டைகளை அடுக்கி அவற்றைச் சுற்றிக் கோடு போட்டால் அதுதான் பட்டை. வாய்ப்பாட்டு அட்டை எப்போதும் மேசையில் இருக்கும், மனப்பாடம் செய் என்று யாரும் வற்புறுத்துவதில்லை. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் இந்தப் பிள்ளைகளுக்காகவே உருவாக்கிய கணக்குப் பயிற்சியில் ஒரு நல்ல வழி இருக்கிறது: முதலில் நின்று கவனித்துத் திட்டம் போடு, அப்புறம் செய், அப்புறம் என்ன நடந்தது என்று திரும்பிப் பார். இந்த மூன்றையும் அவனோடு சேர்ந்து வாய்விட்டுச் சொல்லிச் சொல்லிச் செய்கிறோம், ஒவ்வொரு கணக்குக்கும்.

நட்சத்திர ஒட்டுவில்லைகளையும் வெள்ளிக்கிழமைப் பரிசுகளையும் நிறுத்தினோம். திங்கட்கிழமை செய்ததற்கும் வெள்ளிக்கிழமை கிடைப்பதற்கும் நடுவில் அவனால் முடிச்சுப் போட முடியவில்லை, எல்லார் முன்னாலும் தோற்பது மட்டும்தான் அவனுக்கு மிஞ்சியது. தண்டனையாக இடைவேளையைப் பறிப்பதும் நின்றது. தப்பு நடந்தால் அப்போதே சரிசெய்வது, கொட்டினால் துடைப்பது, எடுத்ததைத் திருப்பிக் கொடுப்பது, அதோடு முடிந்தது.

பொய் என்று சொன்னோமே, அதற்கு வருகிறேன். நினைவில் ஓட்டை இருக்கும் இடத்தை மூளை கையில் கிடைத்ததைக் கொண்டு நிரப்பிவிடுகிறது, அவனுக்கு அது உண்மையாகவே தெரிகிறது. எதிரில் இருக்கும் பெரியவர் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறார் என்பதை முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து அதையும் கொடுத்துவிடுவான். ஆகவே ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்விகளை இவனிடம் கேட்பதில்லை என்று பள்ளியில் எழுதிவைத்திருக்கிறோம். மூன்று கட்டம் போட்ட தாள் ஒன்று, "நீ எங்க நின்ன, வரை" என்று ஆரம்பிப்பது, ஆலோசகரோ நானோ கூட இருப்பது. போத்தல் விஷயத்தில் நடந்தது பத்து ஆண்டு கழித்து ஒரு போலிஸ் நிலையத்தில் நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். இங்கே 16 வயதுக்குட்பட்டவர்களையும் மனநலக் குறையோ அறிவுத்திறன் குறையோ உள்ளவர்களையும் விசாரிக்கும்போது துணைக்கு ஒரு பெரியவர் உட்காரும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் குறை இருக்கிறது என்று யாருக்காவது தெரிந்தால்தானே துணையைக் கூப்பிடுவார்கள். இவ்வளவு சரளமாகப் பேசுகிறவனைப் பார்த்து யாருக்குத் தோன்றும்?

தமிழ் வகுப்பு

நாளிலேயே மோசமான நேரம் அதுவாகத்தான் இருந்தது. தாய்மொழிப் பாடத்துக்குப் பிள்ளைகள் வகுப்பு மாறி வேறு அறைக்குப் போக வேண்டும், பல வகுப்புகளிலிருந்து வந்து கலந்து உட்காருவார்கள், புதிய இடம், புதிய முகங்கள், தாழ்வாரம் முழுக்கக் கூட்டம். பாதி நாட்கள் புத்தகம் இல்லாமல் போய்ச் சேருவான். தமிழ்ப் புத்தகங்களை அந்த அறையிலேயே ஒரு பெட்டியில் வைத்துவிட்டோம், அவனோடு சேர்ந்து நடக்க ஒரு நண்பனை ஏற்பாடு செய்தோம். அதிலேயே பாதிப் பிரச்சினை போய்விட்டது.

மீதிப் பாதி எழுத்து. பாட்டியோடு வளர்ந்த பிள்ளை என்பதால் அவன் பேச்சுத் தமிழ் அந்த வகுப்பிலேயே செழிப்பானது. பல பிள்ளைகள் வீட்டில் ஆங்கிலம் பேசிவிட்டு வரும் காலத்தில் இவன் மட்டும் "வெயில் மண்டையப் பொளக்குது சார்" என்று உள்ளே வருவான். தமிழாசிரியருக்கு அவன்மேல் தனிப் பிரியம், அதனாலேயே கோபமும் அதிகம். இவ்வளவு பேசுகிறவனுக்கு நாலு வரி எழுத என்ன கேடு என்று கேட்பார். பேசும்போது வாக்கியம் தானாக ஓடுகிறது. எழுதும்போது பேச்சு வழக்கை எழுத்து வழக்காக மாற்ற வேண்டும், எந்த ன, எந்த ண என்று யோசிக்க வேண்டும், கையைக் கட்டுப்படுத்த வேண்டும், அடுத்து என்ன எழுதப்போகிறோம் என்பதையும் மறக்காமல் இருக்க வேண்டும், இத்தனையையும் ஒன்றாகப் பிடித்துவைக்கும் இடம்தான் அவன் மூளையில் சின்னது. மதிப்பீட்டு அறிக்கையை வைத்துக்கொண்டு நாங்கள் ஒரு மாலை முழுக்கப் பேசினோம். அதன் பிறகு வந்த யோசனை அவருடையதுதான். படத்தைப் பார்த்து அவன் கதையை முதலில் கைக்கணினியில் பேசிப் பதிவு செய்வான், அதைக் கேட்டுக் கேட்டு ஒரு வாக்கியம், நிறுத்து, எழுது, மறுபடி கேள். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையைப் பதிவு பார்த்துக்கொள்கிறது. மூன்று வாக்கியத்தில் ஆரம்பித்தான். இப்போது அரைப் பக்கம் எழுதுகிறான், எழுத்துப்பிழை இருக்கிறது, கதை முழுதாக இருக்கிறது.

நன்றாகப் போனபோது வந்த சிக்கல்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயம் உங்கள் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுவாக இருக்கட்டும். தொடக்கநிலை 3இன் கடைசித் தவணையில் அவன்மேல் ஒரு புகாரும் வரவில்லை. தொடக்கநிலை 4இல் புதிய வகுப்பாசிரியர் வந்தார், அக்கறையான மனிதர், கோப்பைப் படித்தார், பையனைப் பார்த்தார், நன்றாகத்தானே இருக்கிறான் என்று நினைத்தார். ஆதரவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் பிள்ளையைச் சொந்தக் காலில் நிற்க வைப்பதுதான் பள்ளிகளில் எல்லாருக்கும் தெரிந்த முறை, மற்றப் பிள்ளைகள் பலருக்கு அது சரியும்கூட. பட அட்டைகள் மேசையிலிருந்து அலமாரிக்குப் போயின, கடிகாரம் போனது, இடைவேளைக்கு எல்லாரோடும் போகட்டும் என்று விட்டார்கள். சில வாரங்கள் தாக்குப்பிடித்தான். அப்புறம் ஒரு நாள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டு வெளியே வர மறுத்தான், அடுத்த வாரம் ஒரு பையனைக் கடித்துவிட்டான், பாட்டி காலையில் அவனைச் சீருடைக்குள் திணித்து அனுப்பவே போராட வேண்டியிருந்தது.

கூட்டம் போட்டோம். அம்மா அதிகம் பேச மாட்டார், அன்று அவர்தான் முதலில் பேசினார். "கண்ணாடி போட்டதும் நல்லாத் தெரியுதுன்னு கண்ணாடியக் கழட்டி வச்சிருவாங்களா சார்?" வகுப்பாசிரியர் அதற்குப் பிறகு எந்த விளக்கமும் கேட்கவில்லை. அடுத்த நாளே அட்டைகள் திரும்பி வந்தன. பையன் பழைய நிலைக்கு வர ஒரு தவணை முழுக்க ஆனது.

இந்தப் பிள்ளைகளின் மூளையில் பிறப்பதற்கு முன்பே ஏற்பட்ட மாற்றம் பயிற்சியால் மறைந்துபோவதில்லை. திறன்கள் வளர்கின்றன, நிச்சயமாக வளர்கின்றன, ஆனால் நினைவுக்கும் நேரத்துக்கும் திட்டமிடுவதற்கும் வெளியிலிருந்து வரும் துணை அவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும், சிலருக்கு வாழ்நாள் முழுக்க. அவன் அமைதியாக இருப்பதே அந்தத் துணை வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். இப்போது அவன் கோப்பின் முதல் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருக்கிறது: எந்த ஏற்பாட்டையும் "நன்றாக இருக்கிறான்" என்ற காரணத்துக்காக எடுக்கக் கூடாது. மாற்றுவதென்றால் குழு கூடி, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும், புதிய ஆண்டின் முதல் தவணையில் ஒருபோதும் இல்லை.

இப்போது

தொடக்கநிலை 4 முடியப்போகிறது. அடுத்த ஆண்டு கணிதத்தைச் சற்று எளிதான அடிப்படை நிலையிலும் தமிழ், ஆங்கிலம், அறிவியலைப் பொது நிலையிலும் எடுக்கலாம் என்று பள்ளி பரிந்துரைத்திருக்கிறது. பாட்டிக்கு அதில் வருத்தம் இருந்தது, 2024இலிருந்து உயர்நிலைப்பள்ளியில் ஒவ்வொரு பாடத்தையும் அவரவர் நிலைக்கேற்ப எடுக்க முடியும் என்று விளக்கிய பிறகு கொஞ்சம் சமாதானமானார். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வுக்குத் தனி அறை, கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகளுக்குப் பள்ளி வழியாகச் சிங்கப்பூர்த் தேர்வு, மதிப்பீட்டுக் கழகத்திடம் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கான அறிக்கைகளை இப்போதே சேர்த்துவருகிறோம். சிறப்புப் பள்ளிக்கு மாற்றுவது பற்றியும் பேசினோம், இப்போதைக்குத் தேவையில்லை என்பதுதான் எல்லாருடைய கருத்தும். நவம்பர் விடுமுறைக்கு முன்னால் அடுத்த ஆண்டு வகுப்பறையைப் போய்ப் பார்த்து, புதிய ஆசிரியரின் படத்தோடு வீட்டுக்குப் போவான்.

எனக்கு இருக்கும் பெரிய கவலை கைபேசி. யார் எதைச் சொன்னாலும் செய்பவன், யாரைப் பார்த்தாலும் நண்பன் என்பவன், வகுப்பில் பாதிப் பேருக்கு இப்போதே கைபேசி இருக்கிறது. பாட்டி வாங்கித் தர மாட்டார், ஆனால் உயர்நிலை வரும்போது அந்தப் பிடிவாதம் நிற்காது என்று அவருக்கே தெரியும். பாட்டிக்கு வயதும் ஆகிறது. குடும்பச் சேவை நிலையத்துச் சமூக ஊழியர் அம்மாவோடு வேலை செய்துவருகிறார். சனி, ஞாயிறுகளில் பையன் அம்மா வீட்டில் இருக்கிறான், அங்கேயும் குளிர்பதனப் பெட்டியில் அதே ஒன்பது அட்டைகள்.

அவனுக்கு என்ன சொல்லியிருக்கிறோம் என்று கேட்பீர்கள். தன் மூளை சில வேலைகளை மெதுவாகச் செய்யும், அதற்குக் கருவிகள் இருக்கின்றன என்பது அவனுக்குத் தெரியும், புதிதாக வரும் மாற்று ஆசிரியர்களிடம் தானே அட்டைகளை எடுத்துக் காட்டுகிறான். காரணம் தெரியாது. டிசம்பர் விடுமுறையில் சொல்லிவிட வேண்டும் என்று அம்மா நினைக்கிறார், வேறு யாரும் சொல்லக் கூடாது, நான்தான் சொல்லணும் என்கிறார். பள்ளி ஆலோசகர் கூட இருப்பார். எந்த வார்த்தைகளில் என்று இன்னும் முடிவாகவில்லை. அவன் கேட்பதற்கு நேராகப் பதில் சொல்வது, கேட்காததை அன்றே திணிக்காமல் இருப்பது, அதுவரைக்கும் ஒத்துக்கொண்டிருக்கிறோம்.